திரையும் சிறுத்தையும்

"பார்த்தால் தேய்ந்தா போய்விடும்?" என்று நம்மவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. ஜவுளிக் கடையில் முப்பது புடைவைகளை விரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்திருக்கிறவர்கள் இப்படிக் கேட்கிறார்கள். அடுத்த வீட்டு ஜன்னலைக் கவனித்துக்கொண்டு நிற்கிறவர்களும் இப்படியேதான் கேட்கிறார்கள். எடுத்தால் குறையும்; தொட்டால் அழுக்காகும்; தின்றால் தீர்ந்துபோகும். வெறுமே பார்ப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது அவர்களுடைய வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதே ஜனங்கள்தாம் "கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது" என்றும் சொல்லுகிறார்கள். எங்கள் மாத்தூரில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரம் எழும்பும்போதே திருஷ்டிப் பூசணிக்காயையும் கட்டிவிடுகிறார்கள். குழந்தையை வெளியே எடுத்துப் போனால் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. பார்வையால் ஒன்றும் ஆகாது என்றால் பூசணிக்காய் எதற்கு? பார்வைக்கு அத்தனை பலம் உண்டு என்றால் "தேய்ந்தா போய்விடும்" என்று எப்படிக் கேட்கிறோம்?

நாற்பது வயசு தாண்டும் வரையில் இந்த முரண்பாட்டைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. கதை எழுதுகிறவனுக்குப் பார்ப்பதுதான் பிழைப்பு. பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பிறத்தியார் முகத்தைப் பார்த்து வந்துதான் காகிதத்தில் இறக்குகிறேன். ஆகவே பார்ப்பதில் ஒரு குற்றமும் இல்லை என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியம் 2023-ஆம் வருஷம் ஆனி மாதத்தில், இலங்கைக் காட்டில் ஒரு ஜீப்பின் மேல் உட்கார்ந்திருந்தபோது போய்விட்டது.

அந்தப் பிரயாணத்துக்கு இரண்டு காரணங்கள். என் மனைவிக்குக் கதிர்காமம் போக வேண்டும் என்பது நெடுநாளைய வேண்டுதல். எனக்கு யால காட்டில் சிறுத்தையைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. இரண்டும் அந்தத் தீவின் தென்கிழக்கு மூலையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்குள் சண்டை வரவில்லை. கொழும்பில் என் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், சிங்களம் நன்றாகப் பேசுவார். அவரும் எங்களோடு கிளம்பினார். திஸ்ஸமகாராம என்ற சிற்றூரில் தங்கினோம். முதல் நாள் மாலை கதிர்காமம். மறுநாள் விடியற்காலை காடு என்று ஏற்பாடு.

கதிர்காமத்தில் திருவிழாச் சமயம். மாணிக்க கங்கையில் கால் வைக்க இடமில்லை. சிங்களவர்களும் தமிழர்களும் முஸ்லிம்களும் ஒரே தெருவில் நடக்கிறார்கள். கூட்டத்தில் இடிபட்டு, கையில் பழத்தட்டை ஏந்திக்கொண்டு சந்நிதிக்குப் போனோம். அங்கே நம் ஊர்க் கோயில்களைப் போல் விக்கிரகத்தைக் காண முடியாது. வள்ளி தெய்வானையோடு முருகன் மயில்மேல் இருப்பதாக எழுதிய ஒரு வண்ணத் திரை தொங்குகிறது, அவ்வளவுதான். திரைக்கு அப்பால் ஒரு யந்திரம் இருப்பதாகச் சொல்கிறார்கள். கப்புறாளை என்று பெயர் கொண்ட பூசாரி, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரையை விலக்கி உள்ளே போகிறார். பூசையை முடித்துக்கொண்டு வெளியே வருகிறார். திருவிழா நாட்களில் அதைப் பேழையில் வைத்து யானைமேல் ஏற்றி வள்ளியம்மன் கோயிலுக்குக் கொண்டு போகிறார்கள். அப்போதும் மூடித்தான் இருக்கிறது. அத்தனை ஆயிரம் ஜனங்கள் அத்தனை தூரம் வந்தும் ஒருவரும் ஒன்றையும் பார்ப்பதில்லை.

நானும் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, விபூதி வாங்கிக்கொண்டு, மனசு நிறைந்து வெளியே வந்தேன். "உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டினால்தான் ஆயிற்று" என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிப் பிராகாரத்து மரத்தடியில் ஒரு கிழவியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மட்டக்களப்புப் பக்கத்துக்காரி. பாதயாத்திரையாக வந்தவள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாகவே முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று நடந்து வருகிற கூட்டம் ஒன்று வருஷா வருஷம் உண்டு. வழியில் அங்கங்கே ஜனங்கள் சேர்ந்துகொள்வார்கள். உகந்தை முருகன் கோயிலுக்குப் பிறகு ஊர் கிடையாது. குமண, யால என்ற இரண்டு காடுகளுக்குள்ளே பல நாள் நடை. அந்த நாட்களுக்கு மட்டும் அரசாங்கத்தார் காட்டின் கதவைத் திறந்துவிடுகிறார்கள். யானையும் கரடியும் சிறுத்தையும் உள்ள காடு. இவர்கள் கையில் கோலும் வாயில் அரோகராவும்தான்.

எனக்கு மறுநாள் காடு போகிற நினைப்பு. "ஏனம்மா, காட்டிலே யானை, சிறுத்தை எல்லாம் பார்த்தீர்களா?" என்று ஆவலோடு கேட்டேன்.

அந்த அம்மாள் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்க பார்க்கல்ல தம்பி. அதுகள் எங்களைப் பார்த்திருக்கும்" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "சுடச்சுட யானை லத்தி கிடந்தது வழியில. கொஞ்சம் நிண்டு, அது போகட்டுமெண்டு இருந்து, பிறகு நடந்தம். அதுகளின்ர காடுதானே தம்பி, நாங்கள் கேட்டுப் போற ஆக்கள்" என்று சொல்லிவிட்டு மறுபாதத்துக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டாள். நல்ல பேச்சாக இருக்கிறதே, கதையில் எங்கேயாவது உபயோகப்படும் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன். எழுத்தாளன் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் காட்டின் வாசலில் எங்கள் ஜீப்புக்கு முன்னால் ஏழெட்டு, பின்னால் எத்தனையோ. யால முன்பு வெள்ளைக்காரத் துரைமார்கள் வேட்டையாடிய இடம். 1938-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. அதற்கு முதன் முதலாகக் காவல் அதிகாரியாக இருந்தவர் எங்கெல்பிரெக்ட் என்ற ஒரு போயர். தென்னாப்பிரிக்க யுத்தத்தில் பிடிபட்டுக் கைதியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். பிரிட்டிஷ் ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றதால் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர். வேலிக்குள் நின்று பிறர் பார்வைக்கு ஆளானவன் ஒருவன் மிருகங்களுக்குக் காவலாக வந்தான் என்பதைச் சிநேகிதர் சொன்னபோது, அதையும் ஒரு சுவாரஸ்யமான செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அந்தத் தீவில் புலி கிடையாது. சிங்கம் கொடியில் இருக்கிறதே தவிரக் காட்டில் இல்லை. ஆகையால் சிறுத்தைதான் அங்கே ராஜா. உலகத்திலேயே சிறுத்தைகள் நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று யாலவின் முதல் வட்டாரம் என்று சொல்லுகிறார்கள். அதன் பரப்பு சுமார் 140 சதுர கிலோமீட்டர். முட்புதர், கருங்கல் பாறைகள், நடு நடுவே வற்றிக்கொண்டிருக்கும் குளங்கள். அது பாலைப்பழக் காலம். பாலை மரத்தடியில் கரடி வரும் என்றார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் நாங்கள் பார்த்தவை: குளக்கரையில் வாயைத் திறந்து கிடந்த முதலைகள், தோகையை விரித்த மயில், சேற்றில் ஊறிய எருமைகள், மான் கூட்டம், நாரைகள், குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு போன மூன்று யானைகள். என் மனைவி யானைக்குட்டியைப் பார்த்துக் குழந்தையைப் போல் கையைத் தட்டப் போய் அடக்கிக்கொண்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

எட்டு மணிக்கும் சிறுத்தை வரவில்லை. எனக்குக் கோபம் வரத் தொடங்கிற்று. விமானத்துக்குக் கொடுத்த பணம், விடுதிக்குக் கொடுத்த பணம், ஜீப்புக்கும் காட்டின் டிக்கெட்டுக்கும் கொடுத்த பணம் எல்லாம் மனசுக்குள் கூட்டலாக ஓடிற்று. அந்தக் கூட்டலின் அடியில் ஒரு சிறுத்தை நின்றாக வேண்டும் என்பது போல் இருந்தது எனக்கு. "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று முணுமுணுத்தேன்.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "நேற்று ஒரு திரையைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்களே. அதற்கும் இதே டிக்கெட்டுதானே? இன்றைக்கு மட்டும் என்ன?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல அவகாசமும் இல்லை. டிரைவரின் செல்போன் மணி அடித்தது. அவன் ஒரு வார்த்தைதான் பேசினான், ஜீப்பைத் திருப்பினான். புழுதி வானத்துக்கு எழும்பிற்று. நாலு திசையிலிருந்தும் ஜீப்புகள் அதே இடத்தை நோக்கி ஓடி வந்தன. பாதையில் யார் முந்துவது என்று போட்டி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருபது வண்டிகளுக்குக் குறையாமல் நின்றிருந்தன. எல்லாருடைய கையும் ஒரே பக்கம் நீண்டிருந்தது. பாறைக்குப் பின்னால், புதர் நிழலில், ஒரு வால் தெரிந்தது. வாலின் நுனி மெதுவாக ஆடிற்று.

வாலைப் பார்த்துத் திருப்தியடைகிறவனா நான்? பையிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் நோட்டை எடுத்து டிரைவரின் பக்கம் நீட்டினேன். "கொஞ்சம் முன்னால் போகச் சொல்லுங்கள்" என்று சிநேகிதரிடம் சொன்னேன். அவர் தயங்கினார், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். டிரைவர் நோட்டைப் பார்த்தான், முன்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தான். முந்தின வருஷம் அந்த நாட்டில் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்ற வருஷம். வெளியூர்க்காரன் எட்டிப் பார்க்காமல் அவன் பிழைப்பே படுத்துக் கிடந்த வருஷம். வீட்டில் இரண்டு குழந்தைகள் என்று வரும்போதே சொல்லியிருந்தான். அவன் வண்டியை எடுத்து, இரண்டு ஜீப்புகளுக்கு நடுவே நுழைத்து, பாதையில் பாக்கியிருந்த ஒரே இடைவெளியில் கொண்டு போய் நிறுத்தினான்.

அந்தச் சமயம் சிறுத்தை எழுந்தது. புதரை விட்டு வெளியே வந்து, பாதையை நோக்கி நாலு அடி வைத்தது. முழு உருவத்தோடு வெயிலில் நின்றது. அவ்வளவு அழகான வஸ்துவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பொய் சொல்ல வேண்டாம். காமிராக்கள் பொரிகடலை மாதிரி சடசடத்தன. அது இடது பக்கம் பார்த்தது, ஜீப்புகள். வலது பக்கம் பார்த்தது, ஜீப்புகள். நேர் எதிரே நான். ஒரு கணம் அதன் கண் என்மேல் பட்டது என்று நினைக்கிறேன். பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்த வழியே திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. என் செல்போனில் பாதி முகம் விழுந்திருந்தது. எனக்கு ஏக சந்தோஷம்.

திரும்பி வரும்போது டிரைவர் சிங்களத்தில் ஏதோ சொன்னான். "என்ன சொல்கிறான்?" என்று கேட்டேன். சிநேகிதர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "நம் வண்டிக்குப் பின்னால் குளம் இருந்ததாம். தண்ணீர் குடிக்க வந்ததாம்."

அவ்வளவுதான் நடந்தது. யாரும் சாகவில்லை, யாருக்கும் காயமில்லை. எதிர்ப்பட்ட கூட்டத்தைப் பார்த்து ஒரு மிருகம் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து வந்து குடித்திருக்கும். இதற்குப் போய் ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாக்கியிருந்த ஒரே இடைவெளியை இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து அடைத்தவன் நான் என்ற நினைவு, செருப்புக்குள் விழுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

பார்த்தால் தேய்ந்துதான் போகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. என்ன தேய்ந்தது? சிறுத்தையின் தோலில் ஒரு புள்ளியும் குறையவில்லை. அதற்கென்று இருந்த வழி தேய்ந்தது. தண்ணீருக்குப் போகும் நேரம், வெயிலில் படுக்கும் பாறை, குட்டியை மறைக்கும் புதர் இவையெல்லாம் சேர்ந்ததுதான் சிறுத்தை. தோலும் நகமும் மட்டும் சிறுத்தை என்றால் அதை மியூஸியத்தில் பஞ்சடைத்து வைத்தே பார்த்திருக்கலாம். உயிரோடு பார்க்க வேண்டும் என்று போனவன், அது உயிர் வாழும் காரியத்துக்கே குறுக்கே நின்றேன். அந்தக் காட்டில் முன்பு துரைமார்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். நாங்கள் காமிராவோடு வந்தோம். வித்தியாசம் பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு எதையாவது எடுத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் காட்ட வேண்டும் என்கிற தவிப்பு இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான்.

என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். கோயிலிலே திரையோடு திருப்தியடைந்தவன் காட்டிலே ஏன் வாலோடு திருப்தியடையவில்லை? நமது மொழியில் தரிசனம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. "தரிசனம் கிடைத்தது" என்கிறோம். "தரிசனத்தை எடுத்தேன்" என்று யாரும் சொல்வதில்லை. கொடுக்கிறவர் அங்கே இருக்கிறார்; நாம் வாங்கிக்கொள்கிறவர்கள். கிடைக்காவிட்டாலும் கேட்பதற்கு நமக்கு வாயில்லை. "அவன் சித்தம்" என்று திரும்புகிறோம். காட்டிலே நான் கொண்டுபோனது டிக்கெட் வாங்கினவனின் மனோபாவம். சினிமாக் கொட்டகையில் விளக்கை அணைத்த பிறகு படம் ஓடாவிட்டால் விசில் அடிக்கிறவனுக்கு இருக்கிற உரிமை எனக்கு இருப்பதாக எண்ணிவிட்டேன். சிறுத்தை யாரிடமும் பணம் வாங்கவில்லை. கையெழுத்தும் போட்டுக் கொடுக்கவில்லை. அந்தக் கிழவியம்மாள் அதே காட்டை எத்தனையோ நாள் கால் தேய நடந்து கடந்தவள். "அதுகள் எங்களைப் பார்த்திருக்கும்" என்பது வெறும் வாய்ச் சாமர்த்தியம் இல்லை. காட்டிலே பார்க்கும் உரிமை யாருடையது என்பதை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்திருக்கிறாள். நான்தான் அதைக் கதைக்கு என்று முடிந்து வைத்துக்கொண்டேன்.

இப்படி எல்லாம் யோசித்துக்கொண்டு மாத்தூர் திரும்பிய நான், இனி எந்தக் காட்டுக்கும் போவதில்லை, எந்த மிருகத்தையும் பார்ப்பதில்லை என்று ஒரு சங்கல்பம் செய்துகொண்டேன். பார்க்காமல் இருப்பதே புண்ணியம் என்று தீர்மானித்தாயிற்று. சுலபமான தீர்மானம். அது ஆறு மாதம்கூட நிற்கவில்லை.

அதே வருஷம் டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் மட்டும் தண்ணீர். வடிந்த பிறகு எண்ணூரிலிருந்து சமாசாரம் வந்தது: வெள்ளத்தோடு தொழிற்சாலைப் பக்கத்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் கலந்துவிட்டது என்று. மணலி வழியாக எண்ணூர் எனக்குச் சைக்கிளில் போகிற தூரம். நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கத்தில்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்; கொசஸ்தலை ஆறு கடலோடு சேருகிற அந்த இடத்தை ஒழுங்காக நின்று பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. பஸ் ஜன்னலில் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு போனதுதான். அனல் மின் நிலையங்களின் சாம்பல் அந்த நீரிலே பல வருஷமாகப் படிந்துகொண்டிருந்தது. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் துழாவி இறால் பிடிக்கிற இடம் அது. வடக்கே பழவேற்காடு வரைக்கும் உப்பு நீரும் சேறும் புதருமாகப் பறவைகளுக்கு அது ஒரு தேசம். அதைப் பார்க்க ஒரு ஜீப்பும் வந்ததில்லை. டிக்கெட் போட்டு யாரும் வாசலில் நிற்கவில்லை. யாலவில் எல்லாரும் பார்த்ததனால் தண்ணீர் கிடைக்கவில்லை. எண்ணூரில் யாரும் பார்க்காததனால் தண்ணீரே விஷமாயிற்று.

இங்கே என் சங்கல்பம் உடைந்துபோயிற்று. பார்க்காமல் இருப்பது புண்ணியம் என்றால், எண்ணூர்க் கழிமுகத்துக்கு என்னைவிடப் புண்ணியம் செய்தவன் எவனும் இல்லை! டிக்கெட் வாங்கி வந்து பார்க்கிறவர்கள் இருப்பதால்தான் யால இன்னும் காடாக இருக்கிறது என்ற வாதத்தையும் அன்றைக்கு என்னால் தள்ள முடியவில்லை. அந்த வசூலில் காவலாளுக்குச் சம்பளம் போகிறது. காட்டை வெட்டினால் கேட்க உலகத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். பார்ப்பாரற்ற இடத்தைப் பறிகொடுத்தால் அழக்கூட ஆள் கிடையாது.

பாலத்தின்மேல் போய் நின்றேன். கீழே தண்ணீர் தார் போல் கறுத்துக் கிடந்தது. அலையாத்திச் செடிகளின் தண்டில் ஒரு முழ உயரத்துக்குக் கறுப்புக் கோடு. மீன்பிடி வலைகளும் படகுகளும் எண்ணெயில் ஊறிவிட்டன. கரையோரத்து மரக்கட்டை ஒன்றின்மேல் ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய இறகெல்லாம் கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தன. அது சிறகை விரித்துப் பார்த்தது, விரியவில்லை. மறுபடி மடக்கிக்கொண்டது. நான் பையிலிருந்து செல்போனை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது. கை தானாகவே போயிற்று, யாலவில் போனதைப் போலவே.

கீழே படகில் நாலைந்து மீனவர்கள் வாளியாலும் சட்டியாலும் எண்ணெயை மொண்டு மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரைக்கும் கறுப்பு. அதில் நடுத்தர வயசுக்காரர் ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னா சார், அங்கேந்து படம் புடிச்சினு கீற? எறங்கி வந்து ஒரு வாளி புடி சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாலு நாளாகப் பாலத்தின்மேல் வந்து நின்று படம் பிடித்துப் போனவர்களைப் பார்த்து அலுத்துப்போன குரல் அது.

செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. இறங்காமல் திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. மத்தியானம் வரைக்கும் வாளி எடுத்துக் கொடுத்தேன், பீப்பாயைப் பிடித்துக்கொண்டேன். நான் மொண்டது மொத்தம் எவ்வளவு இருக்கும்? அந்தக் கழிமுகத்துக்கு அது கணக்கில் வராது. கையில் அரிப்பு எடுத்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர்கள் மறுநாளும் இறங்கினார்கள். அதற்கு மறுநாளும் இறங்கினார்கள். எனக்கு மறுநாள் ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்ப வேண்டியிருந்தது.

ஆனால் அந்த அரை நாளில் ஒன்று தெரிந்தது. படகில் குனிந்து நிற்கும்போது நான் கூழைக்கடாவை மறந்தே போனேன். நடுவில் ஒரு தரம் நிமிர்ந்தபோது அது அதே கட்டையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பாலத்தின்மேல் நின்றபோது நான் பார்த்தேன், அது பார்க்கப்பட்டது. இப்போது அது பார்க்கிறது, நான் வேலை செய்கிறேன். அப்படி இருந்தபோது என் மனசில் ஓர் உறுத்தலும் இல்லை. கதிர்காமத்து மரத்தடியில் கேட்ட வார்த்தையின் அர்த்தம் அங்கேதான் முழுசாக விளங்கிற்று.

தமிழிலே "பார்" என்று ஒரு சொல் இருக்கிறது. அதோடு "கொள்" என்பதைச் சேர்த்தால் "பார்த்துக்கொள்" என்று ஆகிறது. "குழந்தையைப் பார்" என்று சொன்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். "குழந்தையைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுத் தாயார் கடைக்குப் போனால், அவள் திரும்பி வரும் வரையில் நகர முடியாது. கொள்வது என்றால் எடுப்பது என்று அர்த்தம். ஆனால் இங்கே எடுத்துக்கொள்வது பொருளை அல்ல, பொறுப்பை. நம் பாட்டிமார்கள் கண்ணேறு என்று பயந்தது, பொறுப்பில்லாத பார்வையைத்தானோ என்னவோ. தாயார் பார்த்து எந்தக் குழந்தைக்கும் திருஷ்டி பட்டதாக நாம் பெரிதாக அஞ்சுவதில்லை. வழியோடு போகிறவன் நின்று "அடேயப்பா!" என்றால்தான் உப்பும் மிளகாயும் சுற்றுகிறோம்.

ஆகவே இப்போது என் அபிப்பிராயம் இதுதான். எதைப் பார்த்துக்கொள்ள நமக்குக் கையும் காலும் எட்டுகிறதோ, அதைத் தினம் பார்க்க வேண்டும். பார்க்காமல் போவது குற்றம். எட்டாத இடத்துக்குப் போனால், போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன், திரையோடு திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். வால் நுனி கிடைத்தால் அதுவே தரிசனம். அதுவும் கிடைக்காவிட்டால் காடு பத்திரமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வர வேண்டும். இதற்கும் மேலே முன்னுக்குத் தள்ளச் சொல்லி நோட்டை நீட்டுகிற கை, அந்த டிரைவரின் கை அல்ல, என் கை. அவன் இரண்டு குழந்தைகளுக்காக வாங்கினான். நான் ஒரு படத்துக்காகக் கொடுத்தேன். பாவத்தைப் பங்கு போட்டால் அவனுக்கு எவ்வளவு வரும், எனக்கு எவ்வளவு வரும் என்று வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கூழைக்கடா என்ன ஆயிற்று என்று தெரியாது. நான் கரை ஏறியபோது கட்டையில் அது இல்லை. பறந்ததா, விழுந்ததா என்று யாரும் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் கையில் வேலை இருந்தது. இப்போது மாசத்தில் இரண்டு மூன்று தரம் எண்ணூர்ப் பக்கம் போகிறேன். வாளி கேட்டவர் என்னைக் கண்டால், "இன்னா சார், சும்மாவா வந்த?" என்று சிரிப்பார். சேற்றில் புதிதாகச் செடி முளைத்திருக்கிற இடத்தைக் காட்டுவார். சில நாள் பறவை இருக்கும், சில நாள் இருக்காது.

சிறுத்தையின் பாதி முகம் இன்னும் என் செல்போனில் இருக்கிறது. அழித்துவிடலாம் என்று பல தடவை எடுத்தேன்; மனசு வரவில்லை. அழித்துவிட்டால் மறந்துவிடுவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அதைப் பார்த்து, "அட, எவ்வளவு பக்கத்தில்! எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்டால், முன்பெல்லாம் காட்டைப் பற்றியும் ஜீப்பைப் பற்றியும் அரை மணி நேரம் பேசுவேன். இப்போது, "அது தண்ணீர் குடிக்க வந்தது, நான் வழியில் நின்றுகொண்டிருந்தேன்" என்று மட்டும் சொல்கிறேன்.